தட்டியும் கிண்ணமும்

மேசைக்கு எதிரே, அலமாரி விளிம்பில் ஒரு போஸ்ட்கார்டு சாய்ந்து நிற்கிறது. லண்டன் நேஷனல் கேலரியில் வாங்கியது. மூலை மடங்கிவிட்டது, ஒரு பக்கம் காபிக் கறை. படத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அம்மணக் குழந்தை. விரல்களால் மார்பைத் தாங்கிப் பிடித்துக் குழந்தைக்குக் காட்டுகிறாள். தலைக்குப் பின்னால் வைக்கோல் நிறத்தில் வட்டமாக ஒரு பின்னல் தட்டி. இடப்பக்கம் திறந்த ஜன்னல், அதற்கப்பால் ஊர். பெஞ்சின் மேல் மெத்தை, ஒரு புத்தகம். ஒரு முக்காலி. வலப்பக்க ஓரத்தில் சின்ன அலமாரி, அதன்மேல் ஒரு கிண்ணம்.

'கணப்புத் தட்டிக்கு முன் கன்னியும் குழந்தையும்' என்பது பெயர். 1440ஐ ஒட்டி வரைந்தது. ஓக் பலகை, உயரம் 63.4 சென்டிமீட்டர், அகலம் 48.5. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பெரிய மாதக் காலண்டர் அளவுதான். டூர்னே நகரத்து ராபர்ட் காம்பினைப் பின்பற்றிய ஒருவர் வரைந்தது என்கிறது மியூசியம். அந்த ஒருவர் யார் என்பதற்குப் பெயர் இல்லை.

*

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது லண்டனில் இல்லை. பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கிய ஓர் ஓவியத் தொகுப்பில். அதில் படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. (எந்தப் பதிப்பகம் என்பது இங்கே வேண்டாம்.) இரண்டு வருஷம் ஜன்னல் வலப்பக்கம் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் ஏன் வலதிலிருந்து வருகிறது என்பதற்கு ஒரு காரணம்கூடக் கண்டுபிடித்து இதே நோட்டில் முக்கால் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல காரணம்தான், படிக்க நன்றாக இருக்கிறது. அச்சுக்காரர் பிலிமைத் திருப்பிப் போட்டதுதான் உண்மைக் காரணம்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

*

தட்டி.

வடக்கு ஐரோப்பாவின் வீட்டில் கணப்பு என்பது அறையின் ஒரு சுவரையே விழுங்கும் பெரிய வாய். தீ எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் பொசுங்கும். தீ இல்லாதபோது புகைபோக்கி வழியே குளிர்காற்று இறங்கும். இரண்டுக்கும் ஒரு தடுப்பு வேண்டும். கோரையிலோ வைக்கோலிலோ பின்னிய வட்டத் தட்டி ஒன்றை முன்னால் நிறுத்துவார்கள். தினசரி கையாளும் பொருள். பழசானால் அடுப்பிலேயே போகும்.

அதைக் கொண்டுபோய் ஓவியர் தேவமாதாவின் தலைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். தலை அந்த வட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது. அதற்கு முன்பு நூறு வருஷமாக ஐரோப்பியப் படங்களில் அந்த இடத்தில் இருந்தது தங்கத் தகடு: மெல்லிய பொன் ரேக்கை ஒட்டி, புள்ளி குத்தி, மெருகேற்றிய ஒளிவட்டம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜொலிக்கும். அந்தப் பொன்னை எடுத்துவிட்டு வைக்கோல் நிறத்தை வைத்திருக்கிறார் இவர்.

தற்செயல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் அறையில் வட்டமான பொருள் இருக்கலாம். அது அங்கேதான், அந்த உயரத்தில்தான் இருக்கிறது என்பது ஓவியரின் முடிவு. ஆனால் ஒளிவட்டம்தான் தட்டியாக வேஷம் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போகிறவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. பின்னலைப் பாருங்கள். அதற்குச் செலவிட்ட நேரத்தைப் பாருங்கள். வேஷத்துக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. அவர் தட்டியைத்தான் வரைந்திருக்கிறார்.

*

அவளுடைய உடை மட்டும் அந்த அறைக்குப் பொருந்தவில்லை. வெளிறிய, கனத்த துணி. கரையெல்லாம் பொன்வேலை, முத்து, மணி. அதைத் தரையில் அள்ளிக் கொட்டினாற்போல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சின் மேலா, அதற்கு முன்னால் தாழ்ந்த பலகையிலா என்று சொல்ல முடியாதபடி துணி மறைக்கிறது. பெஞ்சின் ஓரத்தில் சின்னச் சிங்கம் செதுக்கியிருப்பது சாலமோன் அரசனின் சிம்மாசனத்தை நினைவூட்டத்தான் என்பார்கள். அரியணை என்ற சொல்லிலேயே சிங்கத்தை வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

தரை நம்மை நோக்கிச் சரிகிறது. இத்தாலிக்காரர்கள் கணக்குப் போட்டுக் கோடு இழுக்க ஆரம்பித்துவிட்ட காலம், இங்கே கண்ணளவுதான். முக்காலி நிஜமாக அங்கே இருந்தால் வழுக்கிக்கொண்டு நம் மடிக்கு வந்துவிடும். ஜன்னல் கதவில் ஆணித் தலைகள் வரிசையாக. ஒவ்வொரு ஆணிக்கும் வெளிச்சம் விழும் ஒரு பக்கம், நிழல் விழும் ஒரு பக்கம். தரையைத் தப்பாக வரைந்த அதே கை ஆணியைத் தப்பாக வரைய மறுக்கிறது.

*

இனி கிண்ணத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன்.

வலப்பக்க அலமாரியின் மேல் நிற்பது பூசையில் குருவானவர் உயர்த்திப் பிடிக்கும் இரசக் கிண்ணத்தின் உருவம். பார்த்தவுடன் எல்லாம் கூடிவந்துவிடும். ஒரு பக்கம் தாயின் பால், மறுபக்கம் மகனின் இரத்தம். மடி பீடமாகிறது, வெள்ளைத் துணி பீடவிரிப்பாகிறது, குழந்தை பலியாகிறது. நானும் லண்டனில் அந்தப் படத்தின் முன் நின்று இதையெல்லாம் நினைத்து உருகியிருக்கிறேன்.

அந்தக் கிண்ணம் 19ஆம் நூற்றாண்டினுடையது.

படத்தின் வலது ஓரத்தில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையும், மேலே ஒரு பட்டையும் மூலப் பலகை அல்ல. ஏதோ ஒரு காலத்தில் சேதமாகியோ வெட்டுப்பட்டோ போன இடத்தில் வேறு பலகையை ஒட்டி, அதன்மேல் யாரோ வரைந்து நிரப்பியிருக்கிறார்கள். மூலம் ஓக், ஒட்டு வால்நட். அலமாரியும் கிண்ணமும் அந்த ஒட்டுப் பலகையில்தான் நிற்கின்றன.

கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல்கள் என்பார்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் பாடிச் சேர்த்தவை என்று கதை. ஏடு பரிசோதித்த பழைய தமிழாசிரியர்களுக்கு இடைச்செருகலைக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி உண்டு: ஓசை இடறும், ஒரு சொல் காலத்துக்கு ஒட்டாது, அல்லது தேவைக்கு மேல் பக்தி வழியும். இந்தக் கிண்ணத்தில் கடைசி அடையாளம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இப்போதுதான். தெரிவதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. படத்திலேயே எனக்குப் பிடித்த இடமாக அது இருந்தது. வெள்ளிப் பாடல்களிலும் சில நன்றாகவே இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஒட்டு வேலை செய்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. படத்தை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொண்டுவிட்டார்.

*

கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1953இல் வெளியிட்ட பெரிய நூலில் 15ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர்களின் படங்களில் வீட்டுப் பொருள்களுக்குள் மறைந்திருக்கும் அர்த்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். குடுவை கன்னிமை, துண்டும் தண்ணீர்ப் பாத்திரமும் தூய்மை, இப்படி. அவர் எழுத்தில் ஒரு மயக்கம் உண்டு. படித்த பிறகு செருப்பைக்கூடச் சும்மா பார்க்க முடியாது.

அவர் எடுத்துக்காட்டுகளில் எனக்குப் பிடித்தது பெர்லினில் இருக்கும் யான் வான் ஐக்கின் 'தேவாலயத்தில் மாதா'. 31 சென்டிமீட்டர் உயரம், 14 அகலம், அவ்வளவுதான். கோதிக் கோயிலுக்குள் மாதா நிற்கிறாள். கோயிலின் தூண்களில் பாதிக்கு மேல் உயரம் அவளுக்கு. தரையில் இரண்டு வெளிச்சத் திட்டுகள். கோயில்களின் பீடம் கிழக்கே இருக்கும். அப்படியானால் வெளிச்சம் வடக்கு ஜன்னல் வழியே வருகிறது. வட ஐரோப்பாவில் வடக்கிலிருந்து வெயில் வராது. ஆகவே இது சூரிய வெளிச்சம் அல்ல என்றார் பனோஃப்ஸ்கி. பிறகு வந்தவர்கள், எல்லாக் கோயிலும் நேர் கிழக்கே பார்ப்பதில்லையே, கோடையின் விடிகாலையில் சூரியன் வடகிழக்கில்தானே எழுகிறது என்று இழுத்தார்கள். எனக்கு இந்தச் சண்டையில் பக்கம் இல்லை. இரண்டு தரப்பும் தரையில் விழுந்த வெளிச்சத்தை உற்றுப் பார்த்ததே, அது போதும்.

நியூயார்க்கில் இருக்கும் மெரோட் முப்பலகை காம்பினின் பட்டறையிலிருந்து வந்தது. நடுவில் மங்கள வார்த்தைக் காட்சி. வலப்பக்கப் பலகையில் சூசையப்பர் தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பலகையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். மேசைமேல் ஓர் எலிப்பொறி, ஜன்னல் விளிம்பில் இன்னொன்று. சிலுவை என்பது சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி என்று புனித அகுஸ்தீன் சொன்னதை வைத்து கலை வரலாற்றாளர் மேயர் ஷாபிரோ 1945இல் அதற்கு விளக்கம் எழுதினார். அது பொருந்துகிறது. சரி, அந்தத் துளைப் பலகை என்ன? கால் சூடேற்றும் பெட்டியின் மூடி என்றார்கள், மீன் தூண்டிலுக்கான இரைப்பெட்டி என்றார்கள், திராட்சை பிழியும் ஆலையின் ஒரு பாகம் என்றார்கள். கணப்புத் தட்டி என்றும் ஒரு கட்சி. ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

*

எதிர்வீட்டு டீச்சர் போஸ்ட்கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை குடிக்கலையே தம்பி."

"ஆமா டீச்சர், நம்மளப் பாக்குது. அதாவது, பார்க்கிறவங்களையும் அந்தப் பாலுக்குக் கூப்பிடுதுன்னு..."

"இது பசிக்கிற முகமா? வயிறு நிறைஞ்சாச்சு. ஒரு பக்கம் குடிச்சு முடிச்சிருக்கும். அவதான் இன்னும் கொஞ்சம் குடின்னு கெஞ்சுறா."

அப்புறம், "மாதா படம்னா தோமையார் மலையில பாக்கணும். லூக்காவே வரைஞ்சது. தோமையார் கையோட கொண்டுவந்தது" என்று சொல்லிவிட்டு கார்டை அலமாரியில் தலைகீழாக வைத்துவிட்டுப் போனார்.

*

லூக்கா. நற்செய்தி எழுதியவர் மாதாவை நேரில் உட்காரவைத்து வரைந்தார் என்ற நம்பிக்கை தோமையார் மலைக்கு மட்டும் உரியதல்ல. ஓவியர் சங்கங்களுக்கே அவர்தான் பாதுகாவலர். வடக்கு பிரான்ஸின் காம்ப்ரே நகரத்துக்கு 1440இல் ரோமிலிருந்து ஒரு குருவானவர் ஒரு மாதா படத்தைக் கொண்டுவந்தார். 1450இல் அது அங்கே பேராலயத்துக்குப் போனது. லூக்கா கைப்பட வரைந்தது என்று ஊரே கூடியது. 1340 வாக்கில் இத்தாலியில், பைசாந்திய முறையில் வரைந்தது அது. 1454இல் எடாம்ப் பிரபு அதற்கு மூன்று நகல் வேண்டும் என்று பெட்ரஸ் கிறிஸ்டஸிடம் சொன்னார். இன்னொரு ஓவியரிடமிருந்தும் பன்னிரண்டு நகல் வாங்கினார்கள்.

பெட்ரஸ் கிறிஸ்டஸ் அந்தக் காலத்தின் முதல்தர ஓவியர். அவரை உட்காரவைத்து நகல் எடுக்கச் சொன்னார்களே என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றியிருக்குமா? லூக்காவின் படத்தை நகலெடுப்பது லூக்கா பார்த்ததைப் பார்ப்பது. நகலுக்கும் மூலத்தின் சக்தி உண்டு. டீச்சர் வீட்டுச் சுவரில் இருக்கும் லித்தோ பிரிண்டுக்கு முன் மெழுகுவர்த்தி எரிவதும் இதே கணக்குதான்.

ரோஜியர் வான் டெர் வேய்டன் வரைந்த 'லூக்கா மாதாவை வரைகிறார்' பாஸ்டனில் இருக்கிறது. 1435க்கும் 1440க்கும் இடைப்பட்டது. அதே படம் புரூஜ், மியூனிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று இன்னும் மூன்று இடங்களிலும் உண்டு. மாதா பாலூட்டுகிறாள், எதிரே லூக்கா வெள்ளிமுனை எழுதுகோலும் தாளுமாக. லூக்காவின் முகம் ரோஜியரின் முகமே என்கிறார்கள். ஒரே ஒரு விஷயம்: அவர் உட்காரவும் இல்லை, சரியாக மண்டியிடவும் இல்லை. பாதி மண்டியில், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளிமுனையால், அழிக்க முடியாத கோடு போடுகிறார். வரைந்து பழகிய யாரையாவது அப்படி ஐந்து நிமிஷம் இருக்கச் சொல்லுங்கள். ரோஜியருக்கு இது தெரியாதா? வேலையும் நடக்கவேண்டும், வணக்கமும் நடக்கவேண்டும். முழங்கால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ரோஜியரும் டூர்னேக்காரர்தான். 1427 முதல் 1432 வரை காம்பினின் பட்டறையில் இருந்தவர்.

*

காம்பின் பற்றி ஒரு பத்தி. கையெழுத்திட்ட படம் ஒன்றுகூட இல்லை. இவர் வரைந்தவை என்று இன்று சொல்லப்படும் படங்களுக்கு முதலில் வைத்த பெயர் 'ஃபிளெமால் ஆசான்'. பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் சில பலகைகள் ஃபிளெமால் என்ற ஊரின் மடத்திலிருந்து வந்தவை என்று நினைத்து வைத்த பெயர். அந்த ஊரில் அப்படி ஒரு மடமே இருந்ததில்லை. இல்லாத மடத்தின் பெயரில் இருந்தவரை டூர்னேயின் காம்பினோடு பிற்பாடுதான் பொருத்தினார்கள். காம்பினைப் பற்றி நமக்குத் தெரிவதில் கணிசமான பங்கு வழக்குகள். 1429இல் சாட்சி சொல்ல மறுத்ததற்காக அபராதம், செயின்ட் ழீலுக்குப் பரிகார யாத்திரை. 1432இல் மனைவி இருக்க இன்னொருத்தியோடு வாழ்ந்ததற்காக நாடு கடத்தல். ஒரு பெரிய இடத்துச் சீமாட்டி பரிந்து பேசியதால் அபராதத்தோடு முடிந்தது. இதையெல்லாம் எழுதிவைத்திருந்த டூர்னே ஆவணக் காப்பகம் 1940 மே மாதம் ஜெர்மானிய குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதற்கு முன் யாராவது படித்து அச்சிட்டிருந்தால் உண்டு.

*

பால் விஷயத்தில் அந்தக் காலத்துக்குக் கூச்சம் குறைவு. மாதாவின் தாய்ப்பால் என்று சொல்லிக் குப்பிகளில் வைத்து வணங்கிய கோயில்கள் ஐரோப்பா முழுக்க இருந்தன. 1543இல் சீர்திருத்தவாதி கால்வின் புனிதப் பண்டங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பாலின் மொத்த அளவைக் கேலி செய்திருக்கிறார். கேலி செய்தவர்கள் ஒரு பக்கம். மூடி மறைத்தவர்கள் இன்னொரு பக்கம். நம் கணப்புத் தட்டிப் படத்தில் குழந்தையின் ஆண்குறியைப் பிற்காலத்தில் யாரோ வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். மியூசியத்தில் சுத்தம் செய்தபோதுதான் அது வெளியே வந்தது. கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்பதற்கு 15ஆம் நூற்றாண்டு ஓவியர் காட்டிய ஆதாரமே அதுதான். பிற்காலத்தவருக்கு அது அசிங்கமாகப் பட்டிருக்கிறது.

ஆக, இந்த ஒரு பலகையில் ஓர் இடத்தில் சேர்த்திருக்கிறார்கள், ஓர் இடத்தில் மறைத்திருக்கிறார்கள். இரண்டுமே பக்தியால் செய்தவை.

*

செய்முறை பற்றிக் குறித்து வைத்தவை, ஒழுங்கில்லாமல்:

ஓக் பலகை பெரும்பாலும் பால்டிக் கடற்கரைக் காடுகளிலிருந்து கப்பலில் வந்தது. மெதுவாக வளர்ந்த மரம், நெருக்கமான ரேகை. அந்த ரேகைகளை எண்ணித்தான் இன்று மரம் வளர்ந்த வருஷங்களைக் கணிக்கிறார்கள்.

பலகைமேல் சுண்ணாம்புக்கல் தூளும் மாட்டுத்தோல் பசையும் (நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பது) கலந்த வெள்ளைப் பூச்சு. தேய்த்துத் தேய்த்துத் தந்தம்போல் ஆக்குவது. மேலே போடும் எண்ணெய் வண்ணம் மெல்லிய படலங்களாக. வெளிச்சம் படலங்களைக் கடந்து இந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறது. பொன் ரேக்கு இல்லாமலே படம் உள்ளிருந்து ஒளிர்வது இதனால். எண்ணெய் வண்ணத்தை வான் ஐக்தான் கண்டுபிடித்தார் என்று இத்தாலிய வரலாற்றாசிரியர் வசாரி எழுதிவைத்தது தப்பு. அதற்கு முந்நூறு வருஷம் முன்பே ஆளி விதை எண்ணெயில் வண்ணம் குழைக்கத் தெரியும்.

நீலத்தில் உயர்ந்தது ஆப்கானிஸ்தானின் படக்ஷானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல். சிவப்புக்கு மஞ்சிட்டி வகை வேர், கெர்மிஸ் பூச்சி; இந்தியாவிலிருந்து போன அரக்கும் அந்தக் கால ஐரோப்பியச் சிவப்புகளில் உண்டு. கன்னியின் மேலங்கிக்காக யாரோ காட்டில் பூவரச மரத்திலும் குசும மரத்திலும் அரக்குச் சுரண்டியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, பூவரசா புரசா என்று சந்தேகம் வந்து அகராதியைப் பார்த்தேன். புரசு. பலாசம். வெளியே நிற்கும் பூவரசுக்கு இதில் சம்பந்தமில்லை.

*

சின்னப் படங்கள்மேல் எனக்கு ஒரு பைத்தியம். வான் ஐக் 1439இல் வரைந்த 'நீரூற்றருகே மாதா' ஆன்ட்வெர்ப்பில் இருக்கிறது: 19 சென்டிமீட்டருக்கு 12. உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும். சட்டத்தில் 'என்னால் முடிந்தவரை' என்று அவருடைய வழக்கமான வாசகம், கிரேக்க எழுத்துகளை நினைவூட்டும் எழுத்தில். அடக்கம்போல் ஒலிக்கும், 'என்னால் முடிந்தவரை, உன்னால் முடிகிறதா பார்' என்றும் கேட்கும். அவர் பெயரும் அதற்குள் சிலேடையாக ஒளிந்திருக்கிறது.

பெட்ரஸ் கிறிஸ்டஸின் 'பட்ட மரத்து மாதா' இன்னும் சின்னது, 14.7க்கு 12.4. மாட்ரிட்டில் இருக்கிறது. கறுத்த பின்னணியில் முள்முள்ளாக ஒரு பட்ட மரம், வளையமாக வளைந்திருக்கிறது. நடுவில் மாதாவும் குழந்தையும். கிளைகளில் பொன்னால் 15 'ஏ' எழுத்துகள் தொங்குகின்றன. மங்கள வார்த்தை ஜெபத்தின் லத்தீன் முதலெழுத்து. ஜெபமாலை உருட்டுகிற விரல் அந்த எழுத்துகளையும் எண்ணிக்கொண்டு போகலாம். புரூஜ் நகரில் பட்ட மரத்தின் பெயரில் ஒரு பக்தர் சபை இருந்தது. கிறிஸ்டஸும் மனைவியும் அதில் உறுப்பினர்கள்.

இவையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கவும், பயணத்தில் கொண்டுபோகவும், படுக்கைக்கு அருகில் வைக்கவும் செய்தவை. கையில் எடுக்கிற பொருளைக் களவாடுவதும் சுலபம். பெர்லினின் 'தேவாலயத்தில் மாதா' 1877இல் திருடுபோனது. பத்து நாளில் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் மூலச் சட்டம் திரும்பவில்லை. மாதாவைப் போற்றும் லத்தீன் வரிகள் அந்தச் சட்டத்தில்தான் இருந்தன. பாட்டுப் போய்ப் படம் மட்டும் வந்தது. திருடனுக்குச் சட்டம் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

*

1566 ஆகஸ்டில் கால்வின் வழியினர் நெதர்லாந்து முழுக்கக் கோயில்களில் புகுந்து படங்களையும் சுரூபங்களையும் உடைத்தார்கள். கென்ட் நகரத்துப் பெரிய பீடப் படத்தைக் கோபுரத்தில் ஏற்றி ஒளித்துக் காப்பாற்றினார்கள். நூற்றுக்கணக்கான மற்றவை போயின. நமக்கு மிஞ்சியதில் வீட்டுப் படங்கள் இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படுக்கையறைச் சுவர்வரை கோடாரி போகவில்லை.

*

ஜெரார்ட் டேவிட். 'பால்கஞ்சி ஊட்டும் மாதா', 1515–20 வாக்கில், பிரஸ்ஸல்ஸ். பாலூட்டும் மாதாக்களுக்கு அடுத்த கட்டம்: பிள்ளைக்குப் பல் வந்துவிட்டது. பாலில் ஊறிய ரொட்டிக் குழைவு கிண்ணத்தில், கையில் மரக்கரண்டி. மேசைமேல் ரொட்டி, கத்தி, பழம். குழந்தை கையிலும் ஒரு கரண்டி. ஊட்டும்போது கரண்டிக்கு அழும் பிள்ளையைக் கண்ட எந்த வீட்டிலும் இது தெரியும்: ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. நன்றாக விற்ற படம். ஒரே அச்சு வரைபடத்திலிருந்து பட்டறையில் பலமுறை எடுத்திருக்கிறார்கள். ஒளிவட்டம் இல்லை, தட்டிகூட இல்லை. டீச்சருக்கு இதைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

*

டீச்சர் தலைகீழாக வைத்துவிட்டுப் போன கார்டை நேராக்கினேன். கிண்ணத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். ஒட்டுப் பட்டை கார்டின் அளவில் சரியாக ஒரு கட்டைவிரல் அகலம்.

முதலில் அறை குறுகுகிறது. தட்டி ஓரத்துக்கு வந்துவிடுகிறது. பால் இருக்கிறது, இரத்தம் இல்லை. ஜன்னல், புத்தகம், முக்காலி எல்லாம் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் அவள் முழங்கைப் பக்கம் காலியாகத் தொங்குகிறது. அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும். அலமாரியோ, மேசையோ, பெஞ்சின் கைப்பிடியோ. அதன்மேல் ஒரு குடுவை இருந்திருக்கலாம், அல்லது பாதி தின்ற ஆப்பிள்.

விரலை எடுத்தேன். கிண்ணத்தின் மேல் ரேகை பதிந்திருக்கிறது. துடைத்தால் பளபளப்பும் சேர்ந்து போய்விடும் போலிருக்கிறது.